பேராலைகளில் கதிர்வெப்பம்

வெயிலுக்கு அஞ்சி நிழலை நாடும் நாட்டிலே பிறந்து வளர்ந்த நமக்கு, தொழில் நடைபெறும் கட்டடத்தைச் சூடாக்குவது எங்ஙனம் என்னும் வினா வியப்பைத் தருதல் கூடும். நம் ஆலைகளுக்கு வேண்டுவன விசிறியும் சாளரமுமேயன்றோ? ஆனால் இங்கிலாந்து, ஜெர்மனி, போலந்து முதலிய வடதேசங்களில் ஆண்டின் ஏறக்குறையப் பாதி குளிராகவே கழிகின்றது. அங்கே வெப்பமூட்டப்பெறாத ஆலையில் மனிதன் நாள் முழுதும் நின்று வேலை செய்தல் அரிது. விறைத்த விரல் திருகாணியைப் பற்றாது, நடுங்கும் கை அரத்தை நேரே செலுத்தாது, கவனம் வேலையை விட்டு உடலின் துன்பத்திற் செல்லும், விபத்து நேரும். ஆதலின் ஆலைக்கு வெப்பமூட்டல் அந்நாடுகளிற் சுகபோகத்தின்பாற்பட்டதன்று. தொழிலுக்கும் தொழிலாளியின் நலத்திற்கும் இன்றியமையாத ஏற்பாடாகும்.

இதன்பொருட்டு ஆண்டுதோறும் அங்கு எரிக்கப்படும் எரிபொருள் அளவிறந்தது. அதில் ஒரு பெரும்பகுதி ஆளுக்குப் பயன்படாமல் கூரையை அடைந்து வீணாகின்றது என்பதையும், அவ்வீணைத் தடுக்க அறிஞர் கண்ட வழி யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம். நம் நாட்டு இளைஞர் பலர் பொறியியற் கல்வி பெற்றுக் குளிர்நாடுகளுக்குத் தொழில்நிமித்தம் செல்லும் இக்காலத்தில், இவ்வாராய்ச்சி பயனற்றதாகாது. மேலும், இதன் அடிப்படையான உண்மை வெப்ப நாட்டினர்க்கும் உரியதே என்பது இறுதியிற் புலனாகும்.

வெப்பம் செல்லும் மூன்று வழிகள்

வெப்பம் ஓரிடத்தினின்றும் பிறிதோரிடத்திற்குச் செல்லும் வழி மூன்று என்பது பௌதிக நூலின் முதற் பாடங்களுள் ஒன்று. இரும்புக் கம்பியின் ஒரு நுனியைத் தீயிலிட்டால் மறு நுனியும் சுடுகின்றது, இது கடத்தல். பானையின் அடியிலுள்ள நீர் சூடேறி மேலெழ, மேலுள்ள குளிர்ந்த நீர் கீழிறங்குகின்றது, இது வெப்பச்சலனம். சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட பதினைந்து கோடி கிலோமீட்டர் வெளியைக் கடந்து வெப்பம் நம்மை வந்தடைகின்றது; இது கதிர்வீசல். முன்னைய இரண்டிற்கும் ஓர் ஊடுபொருள் வேண்டும். கதிருக்கு அது வேண்டா.

மார்கழி மாதத்துக் காலையில் உதகமண்டலத்தில், வீட்டின் கிழக்குப் புறத்தே வெயில் காய்பவனையும், அதே வீட்டின் மேற்குப் புறத்தே நிழலில் நிற்பவனையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். இருவரையும் சூழ்ந்துள்ள காற்று ஏறக்குறைய ஒரே குளிர்ச்சியுடையது. ஆயினும் முன்னவன் சுகமாயிருக்கிறான், பின்னவன் நடுங்குகிறான். காற்றைச் சூடாக்காமலே கதிர் ஆளைச் சூடாக்கியது என்பதே இதன் காரணம். வெயில் காய்தல், தீக்காய்தல், குளிர்காய்தல் என நம் மொழியில் வழங்கும் சொற்கள் யாவும் கதிர்வெப்பத்தைப் பெறுதலையே குறிக்கின்றன. பெயர் அறியாமலே நம் முன்னோர் பொருளை அறிந்திருந்தனர்.

இக்கதிர்களின் இயல்பு ஒரு நூற்றாண்டு முழுதும் நடைபெற்ற ஆராய்ச்சியால் விளங்கிற்று. இங்கிலாந்தில் ஸ்லௌ என்னும் ஊரில் வாழ்ந்த வானநூலறிஞர் வில்லியம் ஹெர்ஷல், 1800ஆம் ஆண்டில் சூரிய ஒளியைப் பட்டகத்தின் வழியே பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத இடத்திலும் உஷ்ணமானி ஏறியது. அகச்சிவப்புக் கதிர் என்று இன்று வழங்குவது அதுவே. ஸ்காத்லாந்து அறிஞர் ஜான் லெஸ்லி, 1804இல் வெளியிட்ட நூலில், ஒரே சூடுடைய பரப்புகளுள் கரி பூசியது மிகுதியாகவும், மெருகிட்ட உலோகம் மிகக் குறைவாகவும் வெப்பத்தை வீசுகின்றன என்று காட்டினார். லண்டன் மாநகரில் ஜான் டிண்டல் என்பார் 1859இல், காற்றின் பெரும்பகுதியாகிய நைட்ரஜனும் பிராணவாயுவும் வெப்பக்கதிரைத் தடுப்பதில்லை என்றும், நீராவியும் கரியமில வாயுவும் ஓரளவு தடுக்கின்றன என்றும் அளந்து கண்டார். ஆஸ்திரியப் பௌதிக அறிஞர் ஜோசப் ஸ்டெபான் 1879இல் கதிர்வீச்சின் அளவை விதியாக வகுத்தார். அவர் மாணவர் போல்ட்ஸ்மான் 1884இல் அதனைக் கணிதத்தால் நிறுவினார்.

அவ்விதி கூறுவது யாதெனில்: சென்டிகிரேடு அளவோடு 273ஐக் கூட்டினால் வருவது தனி உஷ்ணநிலை, ஒரு பரப்பு வீசும் வெப்பம் அதன் தனி உஷ்ணநிலையின் நான்காம் படிக்கு ஏற்ப உயரும். தனி உஷ்ணநிலை இருமடங்கானால் வீசும் வெப்பம் பதினாறு மடங்காகும். ஒரு சிறு கருவி உயரத்தே இருந்துகொண்டு பரந்த தரையைச் சூடாக்க வல்லதாவது இவ்விதியினாலேயே.

உயரம் விளைக்கும் கேடு

ஆலைகளுக்கு வெப்பமூட்டும் முயற்சி பழமையானது. இங்கிலாந்தின் பஞ்சாலைகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நீராவிக் குழாய்கள் அமைக்கப்பட்டன. சால்போர்டு நகரத்து நூலாலை ஒன்றில், மாடிகளைத் தாங்கிய இரும்புத் தூண்களையே உட்குடைவாக வார்த்து அவற்றினூடே நீராவியைச் செலுத்தினர். அவ்வாலைகள் பல மாடிகள் உடையன. ஆனால் ஒவ்வொரு மாடியும் தாழ்ந்த கூரை உடையது. ஆதலின் சூடேறிய காற்று ஆளை விட்டு அதிக தூரம் செல்ல இடமில்லை.

பிற்காலத்தில் ரயில் என்ஜின்களும் கப்பல் உறுப்புகளும் விமானங்களும் செய்யும் சாலைகள் தோன்றின. பாரந்தூக்கிகள் மேலே ஓடவேண்டியிருந்தமையால் கூரை பத்து மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்தது. இவற்றிலும் காற்றைச் சூடாக்கி விசிறியால் ஊதும் முறையே பெரும்பாலும் கையாளப்பட்டது. இங்கேதான் கேடு புகுந்தது. காற்று சூடேறினால் விரியும். விரிந்தால் எடை குறையும். பூஜ்ய டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.29 கிலோகிராம் எடையுள்ளது. இருபது டிகிரியில் 1.20 கிலோகிராமே. எடை குறைந்த காற்று மேலேறிக் கூரையின் கீழ்த் தங்கிவிடுகின்றது. தரைக்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு டிகிரி அளவு உஷ்ணநிலை கூடுதல் இத்தகைய கட்டடங்களில் அரிதன்று. கீழே பதினெட்டு டிகிரியில் ஆள் நின்றால், பத்து மீட்டருக்கு மேலே பறவைகளுக்கு இருபத்தெட்டு டிகிரி கிடைக்கின்றது!

கூரையடியிற் சேர்ந்த வெப்பம் அங்கேயே இருந்தாலும் ஒருவாறு பொறுக்கலாம். அஃது இருப்பதில்லை. மெல்லிய கூரைத் தகட்டின் வழியே வெளியேறுகின்றது. மேலுள்ள இடுக்குகளின் வழியே சூடான காற்றே போய்விடுகின்றது. அதனை ஈடுசெய்யக் கீழுள்ள கதவுகளின் வழியே குளிர்காற்று புகுகின்றது. பாரவண்டி உட்புகும்படி பெருங்கதவைத் திறந்துவிட்டாலோ, அரும்பாடுபட்டுச் சூடாக்கிய காற்று சில நிமிடங்களில் தெருவிற்குச் சொந்தமாகின்றது. ஆலைத்தலைவர் எரிபொருளுக்குப் பணம் செலுத்துகிறார். தொழிலாளியோ கால் விறைக்க நிற்கிறான். ஒருவர்க்கு நட்டமும் மற்றவர்க்குத் துன்பமும் ஒருங்கே விளைவது இம்முறையின் குற்றம்.

ஆள் உணரும் உஷ்ணநிலை

மனித உடல் தானே ஓர் அடுப்பு. சும்மா அமர்ந்திருக்கும்போதும் ஏறக்குறைய நூறு வாட் வெப்பத்தை அது வெளியிடுகின்றது. வேலை செய்யுங்கால் இது மேலும் உயரும். காற்றோட்டமற்ற அறையில் அமர்ந்திருப்பவன் இழக்கும் வெப்பத்தில் ஐந்தில் இரண்டு பங்கேனும் கதிராகச் சுற்றியுள்ள சுவர், தரை, யந்திரம் முதலியவற்றுக்குச் செல்கின்றது. அவை குளிர்ந்திருப்பின், காற்று இதமாயிருந்தாலும் உடல் குளிரை உணரும். அவை சூடாயிருப்பின், காற்று சற்றுக் குளிர்ந்திருந்தாலும் உடல் இன்புறும். ஆகவே ஆள் உணரும் உஷ்ணநிலை, காற்றின் உஷ்ணநிலையும் சூழ்ந்துள்ள பரப்புகளின் சராசரி உஷ்ணநிலையும் சேர்ந்து அமைவது. காற்று அசைவின்றி இருக்குமிடத்து, இவ்விரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஏறத்தாழச் சரியாயிருக்கும். காற்று பதினைந்தும் பரப்புகள் இருபத்தொன்றும் ஆயின், ஆள் உணர்வது பதினெட்டே.

சாதாரண உஷ்ணமானி காற்றின் நிலையையே பெரும்பாலும் காட்டும். கதிரை அது சரிவரக் கணக்கிடாது. இக்குறையை நீக்க எச். எம். வெர்னன் என்னும் ஆங்கில அறிஞர் 1930இல் ஓர் எளிய கருவியை வகுத்தார். ஏறக்குறையப் பதினைந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய செப்புக் கோளத்தின் வெளிப்புறத்தில் மங்கலான கறுப்பு வர்ணம் பூசி, அதன் நடுவே உஷ்ணமானியின் குமிழ் நிற்கும்படி செருகுவதே அது. கோளம் காற்றாலும் கதிராலும் ஒருங்கே தாக்குண்டு, ஆள் உணர்வதற்கு நெருங்கிய அளவைக் காட்டுகின்றது. இவ்வெர்னன் முதல் உலகப்போர்க் காலத்தில் வெடிமருந்து ஆலைகளில் தொழிலாளரின் களைப்பையும் விபத்துகளையும் ஆராய்ந்தவர். அளவுக்கு மிஞ்சிய குளிரும் அளவுக்கு மிஞ்சிய வெப்பமும் விபத்துகளைப் பெருக்குகின்றன என்று கண்டவர். அவருக்குப் பின் தாமஸ் பெட்போர்டு என்பார் ஆலைத் தொழிலாளரையே வினாவி, எந்நிலையில் அவர்கள் இதமாய் உணர்கின்றனர் என்பதைத் தொகுத்து 1936இல் அறிக்கையாக வெளியிட்டார். உணர்பவனையே கேட்டறிந்து அளவு வகுத்தமை இவர்தம் பெருமை.

அரசாங்கமும் இதிற் கருத்துச் செலுத்திற்று. பெரும்பாலும் அமர்ந்து செய்யும், கடும் உழைப்பற்ற வேலை நடைபெறும் அறையில், முதல் ஒரு மணி நேரத்திற்குப்பின் அறுபது பாரன்ஹீட் டிகிரிக்குக் குறைதல் கூடாது என்று 1937ஆம் ஆண்டின் ஆங்கிலத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 1992இல் எழுந்த விதிகளுக்குத் துணையான நடைமுறை நெறி, பொதுவாகப் பதினாறு சென்டிகிரேடு டிகிரியும், கடும் உடலுழைப்புள்ள வேலைக்குப் பதின்மூன்று டிகிரியும் குறைந்த அளவாகக் கொள்கின்றது.

கதிர்க்கருவிகளின் வகை

காற்றை நாடாது ஆளையும் தரையையும் நேரே சூடாக்கும் கருவிகள், அவற்றின் சூட்டைக் கொண்டு மூவகைப்படும்.

முதலாவது, ஒளிவிடும் கருவி. ஜெர்மனியைச் சேர்ந்த குந்தர் ஷ்வாங்க் என்பார் 1930களில் இதனை ஆக்கி வழங்கினார். நுண்ணிய துளைகள் நிறைந்த பீங்கான் தட்டின் வழியே எரிவாயுவும் காற்றும் கலந்து வந்து, தட்டின் மேற்பரப்பிலேயே எரிகின்றன. தட்டு ஏறக்குறைய 900 டிகிரி வரை சூடேறிச் செந்தணலாய் ஒளிர்கின்றது. அந்நிலையில் முழுக்கரும்பரப்பு ஒன்று, ஸ்டெபான் விதிப்படி, சதுர மீட்டருக்கு 107 கிலோவாட் வீசும். ஆதலின் கருவி சிறிதாயிருந்தாலே போதும். மிக உயர்ந்த கூரைகளுக்கும், ஓரிடத்தை மட்டும் சூடாக்க வேண்டிய வேலைகளுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, கருங்குழாய்க் கருவி. இது 1960களில் அமெரிக்காவிற் செவ்வைப்பட்டது. நீண்ட எஃகுக் குழாயின் ஒரு முனையில் எரிவாயு எரிகின்றது. மறுமுனையிலுள்ள விசிறி எரிந்த வாயுக்களைக் குழாயினூடே இழுத்துப் புகைப்போக்கி வழியாக வெளியேற்றுகின்றது. குழாய் ஒளிர்வதில்லை, 300 முதல் 500 டிகிரி வரை சூடேறும். 400 டிகிரியில் கரும்பரப்பு வீசுவது சதுர மீட்டருக்கு 11.6 கிலோவாட். குழாயின் மேலே மெருகிட்ட அலுமினியம் அல்லது துருப்பிடிக்காத எஃகினாலான தகடு கவிழ்க்கப்பட்டுள்ளது. அது மேல்நோக்கிச் செல்லும் கதிரைத் தடுத்துக் கீழே திருப்புகின்றது. லெஸ்லி கண்ட உண்மை இங்கு இருவகையாகப் பயன்படுதலைக் காண்க: கறுத்த குழாய் மிகுதியாக வீசுகின்றது; மெருகிட்ட தகடு விழுங்காமல் திருப்புகின்றது. தகட்டில் தூசும் துருவும் படிந்தால் கருவியின் பயன் குன்றுமாதலின், அதனைத் துடைத்து வைத்தல் சிறு வேலையாயினும் சிறந்த சிக்கனமாகும்.

மூன்றாவது, வெந்நீர் ஓடும் தகடுகளும் தரையுட் குழாய்களும். 80 டிகிரி வெந்நீர் ஓடும் தகடு சதுர மீட்டருக்கு 0.88 கிலோவாட் வீசும். 15 டிகிரியிலுள்ள சூழலிலிருந்து 0.39 கிலோவாட் அதற்குத் திரும்பி வருமாதலின், நிகரமாவது அரைக் கிலோவாட்டுக்குச் சிறிது குறைவே. எனவே மிகுந்த பரப்பு வேண்டும். ஆனால் நெருப்பு கட்டடத்தினுள் இல்லாமையால் ஆபத்து குறைவு. தரையைச் சூடாக்கும் வழக்கம் உரோமருக்கும் கொரிய நாட்டினருக்கும் நெடுங்காலமாக உண்டு. அவர்கள் தரையின்கீழ்ச் சூடான புகையைச் செலுத்தினர். இக்காலத்தார் நீரைச் செலுத்துகின்றனர்.

இம்மூன்றனுள் எதுவாயினும், அதன் வெப்பம் முழுதும் கதிராகச் செல்வதில்லை. குழாய்க் கருவிகளிற் பாதி முதல் முக்கால் வரையே கதிராகும். எஞ்சியது காற்றுக்கே போகும். கருவியைத் தேர்ந்து வாங்குவோர் கேட்கவேண்டிய முதற் கேள்வி இப்பங்கு எவ்வளவு என்பதே.

கருவியைத் தொங்கவிடும் உயரமும் ஆராய்ந்து வகுக்கத்தக்கது. மன்னரைச் சேர்ந்தொழுகுவோர்க்கு உவமை கூறப்புகுந்த திருவள்ளுவர், நெருப்பில் குளிர்காய்வாரையே எடுத்துக்காட்டினார். இடைவெளியின் அளவறிதல் அரசவையிற்போல ஆலையிலும் வேண்டும். கருவி தாழ்ந்தால் தலை சுடும், கால் குளிரும். சுகநிலை பற்றிய அனைத்துலக நெறி, மேலிருந்து வரும் கதிர்வெப்பத்திற்கும் கீழிருந்து வருவதற்கும் உள்ள வேறுபாடு ஐந்து டிகிரிக்கு மிகாதிருத்தலை நன்றெனக் கூறும். கருவி மிக உயர்ந்தால் கதிர் சுவரிற் பட்டு வீணாகும்.

இனித் தரையின் உதவியையும் கூறவேண்டும். கதிர் தரையிற் பட்டு அதனைச் சூடாக்க, தரை காலுக்கு இதமளிப்பதோடு வெப்பக் களஞ்சியமாகவும் நிற்கின்றது. பத்து சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட்டுத் தரையின் ஒரு சதுர மீட்டர், ஒரு டிகிரி உயர்வதற்கு ஏறத்தாழ 200 கிலோஜூல் வெப்பத்தை ஏற்கும். அதன்மேல் பத்து மீட்டர் உயரம் நிற்கும் காற்று ஏற்பது 12 கிலோஜூலே. ஆகவே பெருங்கதவு திறந்து காற்றெல்லாம் வெளியேறினாலும், கதிரால் வெப்பம் பெற்ற கட்டடத்தில் செல்வத்தின் பெரும்பகுதி தரையிலும் யந்திரங்களிலும் தங்கியிருக்கும். கதவை மூடியதும் இதம் விரைவில் மீளும். விமானக் கொட்டகைகளிலும் தீயணைப்பு வண்டிச் சாலைகளிலும் இம்முறை விரும்பப்படுதற்கு இதுவே காரணம்.

ஒரு கணக்கு

எவ்வளவு மிச்சமாகும் என்பதை ஓர் உதாரணத்தால் அளந்து பார்ப்போம். ஐம்பது மீட்டர் நீளமும் முப்பது மீட்டர் அகலமும் பத்து மீட்டர் உயரமும் உள்ள ஓர் ஆலை. வெளியே பூஜ்ய டிகிரி. கூரையின் பரப்பு 1,500 சதுர மீட்டர். சுவர்களின் பரப்பு 1,600 சதுர மீட்டர். இரண்டும் ஓரளவு வெப்பக்காப்பு உடையன என்றும், சதுர மீட்டருக்கு ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டிற்கும் அரை வாட் வெளியேறும் என்றும் கொள்வோம். உள்ளிருக்கும் 15,000 கன மீட்டர் காற்றில் மணிதோறும் பாதி மாறுகின்றது என்க. அதற்கு டிகிரிக்கு ஏறத்தாழ 2.5 கிலோவாட் வேண்டும்.

வெங்காற்று முறையில் கீழே 18 டிகிரி, மேலே 28, சராசரி 23. கூரை வழியே 21 கிலோவாட், சுவர் வழியே ஏறக்குறைய 18.4, காற்று மாற்றத்தால் 57.5, ஆகமொத்தம் 97 கிலோவாட் இழப்பு. கதிர்வெப்ப முறையில் கீழே காற்று 15 டிகிரியாயிருந்தாலும் ஆள் உணர்வது 18 என்று முன்னே கண்டோம். மேலே 17 டிகிரி, சராசரி 16 எனக் கொண்டால், கூரை வழியே 12.75, சுவர் வழியே 12.8, காற்று மாற்றத்தால் 40. ஆகமொத்தம் ஏறக்குறைய 66 கிலோவாட். தொழிலாளியின் இதம் ஒன்றே. எரிபொருளில் மூன்றிலொரு பங்கு மிச்சம்.

இது நாம் கொண்ட எண்களுக்கு ஏற்ற விடையேயன்றி எல்லா ஆலைக்கும் பொதுவிதி அன்று. கூரை தாழ்ந்தும் வெப்பக்காப்பு மிகுந்தும் இருந்தால் வேறுபாடு சுருங்கும். கூரையடியிலுள்ள சூடான காற்றைப் பெரிய விசிறிகளாற் கீழே தள்ளினாலும் வெங்காற்று முறையின் குற்றம் ஓரளவு தீரும். மாறாக, பெரிய கட்டடத்தில் பத்துப்பேர் ஒரு மூலையில் மட்டும் வேலை செய்யுமிடத்து, அம்மூலைக்கு மட்டும் கதிரைச் செலுத்தலாமாதலின் மிச்சம் மேலும் பெருகும். வெங்காற்றை அங்ஙனம் ஒரு மூலையிற் கட்டிவைத்தல் இயலாது.

குறைகளும் எச்சரிக்கைகளும்

எந்த முறைக்கும் எல்லை உண்டு. கதிர் நேர்க்கோட்டிற் செல்வதாகலின், உயர்ந்த அடுக்குகள் நிறைந்த பண்டசாலையில் நிழல் விழும். நிழலில் நிற்பவன் குளிரில் நிற்பவனே. எரியக்கூடிய ஆவியும் மாவுத் தூசும் பறக்கும் இடங்களிற் செந்தணல் கருவி விபத்துக்கு வாயிலாகும். குளோரின் சேர்ந்த கரைப்பான்களின் ஆவி சூடான பரப்பிற் பட்டால் சிதைந்து அமிலமாகி, இரும்பையும் மூச்சையும் கெடுக்கும். இத்தகைய இடங்களுக்கு வெந்நீர்த் தகடே தகும்.

புகைப்போக்கியற்ற கருவிகள் எரிந்த வாயுவை ஆலையினுள்ளேயே விடுகின்றன. இயற்கை எரிவாயு ஒரு கிலோவாட்-மணி வெப்பம் தருமளவு எரியும்போது, ஏறத்தாழ 0.2 கிலோகிராம் கரியமில வாயுவும் 0.16 கிலோகிராம் நீராவியும் உண்டாகின்றன. அந்நீராவி குளிர்ந்த கூரைத் தகட்டிற் படிந்து துளியாய் வடிந்து, சரக்கையும் யந்திரத்தையும் பாழாக்கும். எரிதல் குறைபட்டால் கொடிய நஞ்சாகிய கார்பன் மோனாக்ஸைடு தோன்றும். ஆதலின் போதிய காற்றோட்டம் இன்றி அக்கருவிகளை ஏற்றுதல் கூடாது.

இவற்றினும் நுட்பமான ஒரு பிழை உண்டு. கருவியை மாற்றிய பின்னும் அளவுகோலை மாற்றாதிருத்தலே அது. சுவரில் தொங்கும் சாதாரண உஷ்ணமானி பதினைந்தைக் காட்டக் கண்ட மேற்பார்வையாளர், ஆலை குளிர்ந்துவிட்டது எனக் கருதித் திருகைத் திருப்பிப் பதினெட்டாக்குவார். உடனே தொழிலாளர் வியர்ப்பர், கதவைத் திறப்பர், மிச்சமாகவேண்டிய எரிபொருள் எல்லாம் போகும். வெர்னன் வகுத்த கறுப்புக் கோளத்தையொத்த உணர்கருவி கொண்டு நெருப்பை ஆளுமிடத்தே கதிர்வெப்பம் தன் பயனைத் தரும். தவறான அளவுகோல் நல்ல கருவியையும் தோல்வியுறச் செய்யும்.

இக்காலத்து நிலை

2022ஆம் ஆண்டில் ருஷியா உக்ரேன்மீது படையெடுத்த பின்னர், ஐரோப்பாவுக்கு வந்த ருஷிய எரிவாயு பெரிதும் குறைந்தது. விலை முன் கண்டறியாத அளவு உயர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் அடுத்த மார்ச்சு வரை எரிவாயுச் செலவை நூற்றுக்குப் பதினைந்து குறைக்குமாறு ஐரோப்பியக் கூட்டமைப்பு தன் உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. வெப்பத்தை வீணாக்குதல் பணப்பையை மட்டுமன்றித் தேசத்தின் உரிமையையும் தொடும் என்பதை அந்நாடுகள் அன்று உணர்ந்தன. எரிபொருளிலிருந்து எழும் கரியமில வாயு உலகின் வெப்பத்தை உயர்த்துகின்றது என்பதும் ஐயமற நிறுவப்பட்டுள்ளது. டிண்டல் அளந்த அதே வாயுவின் அதே குணமே, ஆலைக்கு வெளியே, பூமி முழுதுக்கும் பொறுப்பாகின்றது.

ஆதலின் எரிவாயுவைச் சிக்கனமாக எரிக்கும் கருங்குழாயும் இறுதி விடையாகாது. மின்சாரத்தால் இயங்கி, வெளிக்காற்றினின்றும் வெப்பத்தை ஈர்த்து உட்செலுத்தும் வெப்ப ஏற்றிகள் இப்போது பரவிவருகின்றன. நீரை மிதமான சூட்டில் தருமிடத்தே அவை நன்கு உழைப்பவை. அம்மிதமான சூடே போதுமென ஏற்கும் தரையுட் குழாய்களும் அகன்ற தகடுகளும் அவற்றிற்கு ஏற்ற துணை. பழைய உரோமர் தரையும் புதிய யந்திரமும் இங்ஙனம் கைகோக்கின்றன.

இவ்வுண்மை குளிர்நாட்டார்க்கு மட்டும் உரியதோ? அன்று. சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ் வேலை செய்பவன் காற்றின் சூட்டோடு, சுட்ட தகரம் கீழ்நோக்கி வீசும் கதிரையும் தாங்குகிறான். காற்றை அளக்கும் உஷ்ணமானி அவன் துன்பத்திற் பாதியைக் கூறாது விடுகின்றது. கதிரைக் கூட்டி அளந்தாலன்றி, அவனுக்கு விசிறி போதுமா, அல்லது கூரைக்கு வெண்மை பூசுதலும் உட்கூரை அமைத்தலும் வேண்டுமா என்று கூற இயலாது.

மெல்லிய செப்புக் கோளம், சிறிது கறுப்பு வர்ணம், ஒரு தக்கை, ஓர் உஷ்ணமானி: இவை நம் பௌதிகப் பரிசோதனைச்சாலையிற் கிடைத்தற்கரியன அல்ல. மாணவர் இருவர் முயன்றால் ஒரு பிற்பகலில் இக்கருவியைச் செய்து முடிக்கலாம். அதனை வகுப்பறையிலும், விடுதிச் சமையற்கூடத்திலும், அண்மையிலுள்ள பட்டறையிலும் கால்மணி நேரம் தொங்கவிட்டு, பக்கத்தில் வைத்த சாதாரண உஷ்ணமானியோடு ஒப்பிட்டு எழுதிவருவார்களாயின், எக்கட்டுரையும் கற்பியாத பாடத்தை அவ்வெண்கள் கற்பிக்கும். கட்டடம் மனிதனுக்காகவே எழுந்தது; அதன் வெப்பத்தையும் குளிர்ச்சியையும் அவன் உடலைக் கொண்டே அளத்தல் முறை.